ஓடிபி கேட்காத குரல்

2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கிப் பணம் 78 கோடி ரூபாய், சில மணி நேரத்துக்குள் 28 நாடுகளின் ஏடிஎம்களில் எடுக்கப்பட்டது. அத்தனையும் போலி கார்டுகள். ஏடிஎம் கோரிக்கைகளைக் கையாளும் வங்கியின் ஸ்விட்ச் சர்வருக்கு மாற்றாகத் திருடர்கள் ஒரு போலி ஸ்விட்சை நுழைத்து, வந்த கோரிக்கைக்கெல்லாம் ‘கொடுக்கலாம்’ என்று பதில் சொல்லவைத்திருந்தார்கள். கணக்கில் பணம் இருக்கிறதா என்ற கேள்வி வங்கியைப் போய்ச் சேரவே இல்லை.

அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, ‘கொடுக்கலாம், கூடாது’ என்ற பதிலை எங்கே, யார் காவல் காக்கிறார்கள் என்று நேரில் பார்க்க விரும்பினேன். வங்கித் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் வழியாகச் சென்னை ஓஎம்ஆரில் உள்ள கார்டு மோசடிக் கண்காணிப்பு மையம் ஒன்றில் இரவு ஷிஃப்டில் உட்கார அனுமதி கிடைத்தது.

செல்போன், பேனா, நோட்டு எல்லாவற்றையும் வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். உள்ளே துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. யாரும் ஒரு கார்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். திரையிலும் முதல் ஆறு இலக்கமும் கடைசி நான்கும் மட்டுமே தெரிகின்றன.

நாம் கடையில் கார்டைச் செருகியதும் ஒரு செய்தி கிளம்புகிறது. கடைக்காரரின் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க், நமக்குக் கார்டு கொடுத்த வங்கி என்று போய், பதிலோடு திரும்பிவிடுகிறது. இதற்கு ஓரிரு நொடிதான் ஆகிறது. அதற்குள்தான் சோதனையும் நடக்கிறது: என்ன வகைக் கடை, எவ்வளவு தொகை, என்ன நேரம், இதே கார்டு சற்று முன்பு எந்த ஊரில் இருந்தது. சான் டியேகோவின் எச்என்சி நிறுவனம் நியூரல் நெட்வொர்க்கை வைத்து ஃபால்கன் என்ற மென்பொருளை 1992-லேயே இதற்காகக் கொண்டுவந்தது. விசா 2005-ல் தொடங்கிய முறை, 500-க்கும் மேற்பட்ட கூறுகளைப் பார்த்து, ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் 1 முதல் 99 வரை ஸ்கோர் போடுகிறது. கணக்கு வைத்து வாங்குகிறவரின் கைப்பழக்கம் மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தெரிவதுபோல, நம் செலவுப் பழக்கம் இந்த எந்திரத்துக்குத் தெரியும்.

ஆனால் பழக்கம் மாறுவதெல்லாம் திருட்டு ஆகிவிடாது. நள்ளிரவில் மருத்துவமனையில் அட்வான்ஸ் கட்டுகிறவரும் வழக்கத்தை மீறித்தான் செலவு செய்கிறார். அவர் கார்டைத் தடுத்தால் அது கொடுமை. ஸ்கோர் மிக உயர்ந்தால் எந்திரமே மறுத்துவிடுகிறது. இரண்டுங்கெட்டானாக நிற்பவை அலர்ட்டாக வரிசைக்கு வருகின்றன. அங்கிருந்து வேலை மனிதர்களுடையது.

நான் உட்கார்ந்தது விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் அருகில். பி.காம். முடித்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, கடன் பாக்கி வசூலுக்குப் போன் செய்வது. “அங்க ஜனங்களைப் பயமுறுத்தணும் சார். பயந்தவங்க குரல் எப்படி இருக்கும்னு அங்கதான் தெரிஞ்சுக்கிட்டேன். இங்க அதே குரலைத் தேத்தணும்” என்றார்.

அதிகாலை மூன்று மணி வாக்கில் ஓர் அலர்ட். ஒரு பெரியவரின் கார்டில், வெளிநாட்டுத் தளம் ஒன்றில் ஒரு டாலர் போயிருக்கிறது. அடுத்த சில நிமிடத்தில் அதே வகைத் தளத்தில் பெரிய தொகைக்குக் கோரிக்கை. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று திருடன் சிறு தொகையில் பரிசோதித்துப் பார்ப்பது வழக்கம். உள்நாட்டு ஆன்லைன் செலவுக்கு இரண்டாவது உறுதிப்படுத்தலை ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கியது. ஆனால் வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்பதே இல்லை. அந்தப் பெண் கார்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுப் பெரியவருக்குப் போன் செய்தார். என்னிடமும் ஒரு ஹெட்செட் இருந்தது.

“ஐயா, கார்டு நம்பர், ஓடிபி எதையும் சொல்லாதீங்க. நான் கேட்கவும் மாட்டேன். இப்ப வெளிநாட்டு சைட்ல ஏதாவது வாங்கினீங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.”

“பேங்க்ல இருந்து பேசறேன்னுதான் எல்லாத் திருட்டுப் பயலும் பேசறான். போனை வைம்மா!”

“சரிங்கய்யா, என்னை நம்ப வேணாம். கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க.”

லைன் துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் திரையில் ஒரு குறிப்பு வந்தது: வாடிக்கையாளரே அழைத்துவிட்டார், அது அவர் செலவில்லை, கார்டை நிரந்தரமாக முடக்கியாயிற்று. பெரியவரின் பணம் தப்பியது. ஆனால் இந்தப் பெண்ணின் கணக்கில் அது ‘வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை’ என்றே பதிவாகிறது. பேசிய நிமிடங்களை அளக்கிறார்கள். பேசிய விதத்தை யாரும் எடைபோடுவதில்லை.

அவர் வங்கி ஊழியரும் இல்லை. சம்பளம் ஓர் ஆள்பிடிக்கும் ஏஜென்சி மூலம் வருகிறது. வங்கி அவருக்காக எவ்வளவு கொடுக்கிறது, நடுவில் எவ்வளவு நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ரூபே அல்லாத டெபிட் கார்டு விற்பனையில் வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணத்துக்கு, அவரது ஆண்டு விற்பனையை வைத்து 2018 முதல் உச்சவரம்பு உண்டு. 20 லட்சத்துக்கு மேல் ஆண்டு விற்பனை உள்ளவர்களுக்கு அது 0.9 சதவீதம். வங்கிகளும் நெட்வொர்க்கும் அந்தக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வாடிக்கையாளரின் காசைக் கடைசி நொடியில் காப்பாற்றுகிறவருக்கு நிரந்தர வேலைகூடக் கிடையாது. மோசடித் தடுப்புக்கு எந்திரம் வாங்கியதை ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதும் நிர்வாகங்கள், ராத்திரி முழுக்கத் திட்டு வாங்கும் இந்தப் பெண்களைத் தங்கள் சம்பளப் பட்டியலில் எழுதத் தயங்குவது வெறும் சிக்கனம் இல்லை, அநியாயம். நம்பிக்கையை ஒப்பந்தக் கூலிக்கு விட்டுவிட்டு, மக்கள் வங்கியை நம்பவில்லையே என்று வருந்த அவர்களுக்கு உரிமை கிடையாது.

வங்கிகள் வாடிக்கையாளருக்கான சேவை அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதை அறிந்தவர்கள் குறைவு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள். வங்கியின் தவறோ நம் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போனால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்கிறவருக்கு நஷ்டம் இல்லை என்று 2017-ல் வந்த விதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

இரவில் வங்கியிலிருந்து என்று ஓர் அழைப்பு வந்து, சந்தேகமாக இருந்தால் தயங்காமல் துண்டித்துவிடுங்கள். அழைத்தது அந்தப் பெண் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் துண்டித்துவிட்டுத் தூங்கப் போய்விடாதீர்கள். கார்டின் பின்பக்க எண்ணுக்கு அப்போதே பேசுங்கள்.