செகண்ட் ஹேண்ட் சேணம்: எதில் வாங்கலாம், எதில் விற்கலாம்?

1/
குதிரைக்குப் பழைய சேணம் ஆன்லைனில் வாங்குவது பற்றி ஒரு டாக்டர் ஏன் எழுதணும்னு தோணும். நியாயமான கேள்விதான். இதில் முதுகுப் புண் இருக்கு, தோல் தொற்று இருக்கு, விழுந்து உடையும் எலும்பு இருக்கு, ஒரு குடும்பத்தோட வருமானமும் இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/
சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தம்பி, கல்யாண ஊர்வலத்துக்கும் கோவில் கொடைக்கும் குதிரை வாடகைக்கு விடுகிறார். முகூர்த்த நாளில்தான் வருமானம். குதிரை ஒன்றே ஒன்று. அதுக்கு முதுகில் புண் வந்தால் அந்த மாதமே போச்சு. இருந்த சேணம் கிழிந்துவிட்டது. "சார், போன்ல நிறைய காட்டுது, எதுல வாங்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேட்டார். சில ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

3/
முதலில் என் தொழிலில் இருந்து ஒன்று. படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப் புண் ஏன் வருது? எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்குது. அங்கே ரத்தம் போகல. சதை செத்துப் போகுது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைங்கன்னு சொல்றோம்.

பொருந்தாத சேணத்துக்குக் கீழே குதிரைக்கு நடப்பதும் இதேதான். மேலே ஒரு ஆள் எடை. குதிரையால் வாய் திறந்து சொல்ல முடியாது, புரண்டு படுக்கவும் முடியாது. சில குதிரைகளுக்குச் சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடித் திட்டு பார்த்திருப்பீங்க. பிறவி மச்சம்னு நினைப்போம். பல நேரம் அது பழைய அழுத்தக் காயத்தின் தழும்பு. முடிக்கு நிறம் தரும் செல்கள் அங்கே அழிந்துபோயிருக்கும்.

4/
அதனால் பழைய சேணம் வாங்குவது பழைய பைக் வாங்குவது மாதிரி இல்லை. அடுத்தவர் பவர் கண்ணாடியை வாங்குவது மாதிரி. பொருள் நல்லாத்தான் இருக்கும். நமக்குச் சேரணுமே!

எந்தத் தளமாக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்டோம். பணம் கொடுக்கும் முன் கையால் தொட்டுப் பார்க்க முடியுமா? சேரலைன்னா திருப்பித் தர முடியுமா? அதுவரை பணம் யார் கையில் இருக்கும்? விலையைக் கடைசியாகத்தான் பார்த்தோம்.

5/
ஓஎல்எக்ஸ்: ஊர் வாரியாகத் தேடலாம். அதுதான் அதன் பெரிய பலம். ஆனால் சேணம் வந்தால் பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர் மாதிரி குதிரைப் பயிற்சிப் பள்ளி இருக்கும் ஊர்ப் பக்கம்தான் அதிகம். நம்ம பக்கம் அபூர்வம். நேரில் போய்ப் பார்த்து, கையில் பணம் கொடுத்து வாங்க முடிந்தால் நல்ல இடம். திருப்பித் தருவது என்பது விற்பவர் மனசைப் பொறுத்தது.

6/
ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்: உயிருள்ள பிராணிகளை விற்க அங்கே அனுமதி இல்லை. சேணம், கடிவாளம் மாதிரி பொருட்களை விற்கலாம். ஒரு வசதி, விற்பவரின் பக்கத்துக்குள் போய்ப் பார்க்கலாம். பல வருடமாகக் குதிரைப் படம் போட்டவரா, போன வாரம் ஆரம்பித்த கணக்கா என்று தெரியும். முழு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் ஒரு துப்பு கிடைக்கும்.

7/
இந்தியாமார்ட்: இங்கே பெரும்பாலும் தயாரிப்பாளர்கள், மொத்த வியாபாரிகள். பழைய சேணத்துக்கு ஏற்ற இடமில்லை. ஆனால் ஒருமுறை பார்த்துடுங்க. பிரிட்டிஷ் காலத்தில் ராணுவத்துக்குச் சேணம் செய்யத் தொடங்கிய கான்பூர், இன்றைக்கும் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. கான்பூர் சேணப் பொருட்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அங்கே புதுசு என்ன விலை என்று தெரிந்தால்தான் பழசுக்குக் கேட்கும் விலை நியாயமா என்று புரியும். நம்பர் கொடுத்தால் அடுத்தடுத்து போன் வரும், தயாரா இருங்க.

8/
ஈபே: இந்தியத் தளத்தை 2018ல் மூடிவிட்டார்கள். வெளிநாட்டுத் தளத்தில் பழைய சேணம் ஏராளம். பொருள் விவரித்தபடி இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கு. ஆனால் "என் குதிரைக்குச் சேரல" என்பது அந்தக் கணக்கில் வராது. விற்பவர் சம்மதித்தால்தான் உண்டு. கப்பல் கூலி, சுங்க வரி சேர்ந்தால் மலிவு என்ற பேச்சே இல்லை.

9/
ஆன்லைனுக்கு வெளியே: ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். நம்ம ஊரில் இருந்து தூரம்தான். ஆனால் குதிரை வைத்திருப்பவர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். அங்கே வாங்கும் போன் நம்பர்களும், அதன் பிறகு சேரும் வாட்ஸ்அப் குழுவும் எந்தத் தளத்தையும் விட உதவும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் விற்றால் பேச்சு மாறத் தயங்குவார்.

10/
ஏமாற்று பற்றி. விற்கப் போட்டவருக்குத்தான் இது அதிகம் வருது. "நான் ராணுவத்தில் இருக்கேன், நேரில் வர முடியாது, அட்வான்ஸ் அனுப்பறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்பார்கள். ஒன்றே ஒன்றை மனப்பாடம் பண்ணுங்க: யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகுதுன்னு அர்த்தம். ஏமாந்துட்டா வெட்கப்பட்டு ஒரு நாள்கூட உட்காராதீங்க. உடனே 1930க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

11/
இப்போ முக்கியமான வேலை. இதுக்குச் செலவு ஒரு துண்டு தடிமனான கரண்ட் ஒயர். குதிரையின் தோள் எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே ஒயரை வைத்து அழுத்தி வளைங்க. வளைவு மாறாமல் எடுத்து, அட்டையில் வரைந்து வெட்டுங்க. அதுதான் உங்க குதிரையோட பவர் சீட்டு. நேரில் போனால் கையில் கொண்டு போங்க. தூரமாக இருந்தால் அளவோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதே மாதிரி அட்டை வெட்டிச் சேணத்தின் முன்பக்கம் கீழே வைத்து போட்டோ கேளுங்க. செய்து அனுப்புகிறவர் நல்ல விற்பனையாளர்.

12/
சேணம் கைக்கு வந்ததும்:
முன் நுனியையும் பின் நுனியையும் பிடித்து மெதுவாக அழுத்துங்க. நடுவில் மடங்கினாலோ "கிரீச்" என்றாலோ உள்ளே இருக்கும் சட்டம் உடைந்திருக்கலாம். வேண்டாம்.
கவிழ்த்து, பின்பக்கமிருந்து பாருங்க. இரண்டு மெத்தையும் ஒரே அளவா? கட்டி தட்டியிருக்கா?
வயிற்று வார் மாட்டும் பட்டைகளை இழுத்துப் பாருங்க. தையல் விட்டிருந்தால், ஓட்டை நீண்டிருந்தால், ஓடும்போது அறுந்து ஆள் கீழே வருவார்.
சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. ஆள் உட்கார்ந்த பிறகும் முதுகெலும்புக்கு மேல் இடைவெளி தெரியணும்.

13/
தோல் விஷயம். படர்தாமரை குதிரைக்கும் வரும், மனுஷனுக்கும் வரும். அந்தப் பூஞ்சையின் வித்துகள் சேணத்திலும், அடியில் போடும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பழைய அடித்துணியை வாங்கவே வேண்டாம். சேணத்தை நன்றாகச் சுத்தம் செய்து, உலரவிட்டுப் போடுங்க. வட்டமாக அரிப்பு வந்தால் மெடிக்கலில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவாதீங்க. அரிப்பு அடங்குவது போல இருந்து, பிறகு இன்னும் பரவும்.

14/
ஹெல்மெட்டை மட்டும் பழசு வாங்காதீங்க. ஒருமுறை அடி வாங்கியிருந்தால் உள்ளே நசுங்கியது வெளியே தெரியாது.

15/
தம்பி கடைசியில் வாங்கியது கோயம்புத்தூர் பக்கம், ஃபேஸ்புக்கில் பார்த்த ஒருவரிடம். அட்டையோடு ராத்திரி பஸ் ஏறினார். அவரிடம் இருந்த முதல் இரண்டு சேணமும் அட்டைக்குச் சேரவில்லை, மூன்றாவது சேர்ந்தது. நாங்கள் பார்த்ததில் மலிவானது அது இல்லை. "பஸ் செலவு தண்டம்"னு வீட்டில் முணுமுணுப்பு. ஆனால் அந்த முகூர்த்தம் முழுக்கக் குதிரை முதுகில் ஒரு கீறல் இல்லை.

16/
விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அழகான பக்கவாட்டுப் படம் ஒன்று போதாது. அடிப்பக்கம், பின்பக்கம், பட்டைத் தையல் எல்லாம் போடுங்க. இருக்கை அளவை இன்ச்சில் எழுதுங்க. எந்தக் குதிரைக்குப் போட்டிருந்தது, ஏன் விற்கிறீங்கன்னு சொல்லுங்க. பழுது இருந்தால் அதையும் சொல்லுங்க. மறைத்து விற்றால் அந்தப் பழுதைச் சுமக்கப் போவது வாங்குகிற மனுஷன் இல்லை, வாய் பேசத் தெரியாத ஒரு முதுகு.

குதிரை வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் இதை அனுப்பி வைங்க.