கிணற்றடித் தென்னை

பேருவளையில் உம்மாவின் வளவுக்குள் போனால், சுபஹு வேளையிலேயே குண்டுக்கரிச்சானின் பாட்டுக் கேட்கும். சிங்களத்தில் ‘பொல்கிச்சா’ என்பார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவிதான்.

கிணற்றடியில் பட்டுப்போன தென்னையொன்று நின்றது. “வளவின் அழகையே கெடுக்கிறது, தறித்துவிடுங்கள்” என்று உம்மாவை நச்சரித்தவள் நான்தான். தறித்தோம். அடுத்த மார்ச் மாதம் பாட்டே இல்லை. மரப்பொந்தில் கூடு கட்டும் பறவை அது. நாங்கள் தறித்தது அதன் வீட்டையல்லவா!

பிறகு உம்மா, பழைய மண்முட்டியொன்றைத் தாழ்வாரத்தின் கீழ், மழை படாமல், பூனைக்கு எட்டாத உயரத்தில் படுக்கையாகக் கட்டிவைத்தார். கத்தரிக்கு மருந்தடிப்பதையும் விட்டார். புழு பூச்சிதானே குஞ்சுகளின் தீனி! வேலியோரச் சருகையும் எரிக்கவில்லை. அதைக் கிளறித்தானே அவை இரை தேடும்.

ஒரு வருடம் முட்டி வெறுமையாகவே கிடந்தது. மறு வருடம் ஜோடியொன்று வந்தது. பெட்டை அடைகாக்க, ஆண் முருங்கைக் கொப்பிலிருந்து பாடிக் காவல் காத்தது.

சகோதரிகளே, பாட்டுக் கேட்கக் கூண்டு வாங்க வேண்டியதில்லை. ஒரு பழைய முட்டியும், கொஞ்சம் சருகும், நஞ்சில்லாத மண்ணும், நிறையப் பொறுமையும் போதும்.

குஞ்சுகள் பறந்துபோன அன்று உம்மா சொன்னார்: “மகள், இனி மரம் தறிக்க முந்தி ஒருக்கா அண்ணாந்து பாருங்க.”