தவளைக்கு வயிறு என்ன நிறம்?

போன சனிக்கிழமை ஒரு கலியாண வீட்டில பின்வரிசையில இருந்து கதைச்சுக் கொண்டிருக்கேக்கை, புதுசாய் மீன்பிடிக்கத் தொடங்கின பெடியன் ஒருத்தன் என்னட்டைக் கேட்டான்.

"அண்ணை, பாஸுக்குத் தவளை போடேக்கை வயிறு வெள்ளையாய் இருக்கிறது நல்லமோ, மஞ்சளோ, கறுப்போ?"

நான் வாயைத் திறக்க முதலே பக்கத்துக் கதிரையில இருந்தவர் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கீட்டார். பெடியன் முழிக்கிறான். அவர் ஏன் சிரிச்சவர் எண்டு விளங்க வேணுமெண்டால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேணும்.

முதல்ல, மீன்பிடி தெரியாத ஆக்களுக்கு. ஒண்டாரியோவில ஸ்கூகொக், ரைஸ் லேக் மாதிரி ஆழமில்லாத ஏரியளில, கோடை வந்தால் கரைப்பக்கம் பாசியும் அல்லி இலையுமாய் மூடிப்போகும். லார்ஜ்மவுத் பாஸ் எண்டுற மீன் அந்த மூடாக்குக்குக் கீழை நிழலில படுத்திருக்கும். சாதாரணமாய் ஒரு கொழுக்கியை எறிஞ்சால் மீன் வராது, பாசிதான் வரும். அதுக்குத்தான் இந்த ரப்பர் தவளை. உள்ளுக்கு வெறுமையான மெல்லிய உடம்பு, மிதக்கும். பின்னுக்கு ரப்பர் குஞ்சத்தில ரண்டு கால். கொழுக்கி ரண்டும் முதுகோட ஒட்டி மேல பாத்தபடி இருக்கிறதால இலையில மாட்டாது. மீன் கவ்வேக்கை உடம்பு நசிஞ்சு கொழுக்கி வெளிய வரும். சாதாரண தங்கூசி இதுக்குச் சரிவராது. 50, 65 இறாத்தல் தாங்கிற பின்னல் நூல் வேணும். ஏனெண்டால் மீனோட சேத்து ஒரு கடகம் பாசியையும் இழுக்க வேண்டி வரும்.

தவளையால மீன் பிடிக்கிறது எங்கடை ஆக்களுக்குப் புதினமில்லை. வன்னியில குளத்தில விரால் பிடிக்கிறவை சின்னத் தவளையை உயிரோட கொழுக்கியில குத்தி, புல்லுக்கரையில தட்டித் தட்டி விடுவினம். அந்தத் தவளையைத் திருப்பி வயித்தை ஒருத்தரும் பாத்ததில்லை. கடவுள் அடிச்ச பெயின்ற்தான். இஞ்சை கடைக்குப் போனால் சுவர் முழுக்கத் தவளை. ஒண்டு பத்து, பதினைஞ்சு டொலர். முதுகு ஒரே பச்சை, வயிறு மட்டும் வேற வேற. மீன் கீழை இருந்து பாக்கிறதால வயிறுதான் முக்கியமெண்டு சொல்லி விக்கிறாங்கள். கேக்க நியாயமாய்த்தான் இருக்கும்.

என்னை முதன்முதல் தவளை எறியப் பழக்கினவர் நான் அண்ணை எண்டு கூப்பிடுற ஒருத்தர். சொந்த அண்ணை இல்லை. நான் 1998 இல கனடாவுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில இரவு வேலை செய்த காலத்தில, அவர் மேல்மாடியில இருந்தவர். சாமான் ஏத்திற ட்ரக் ஓடுறவர். ஞாயிறு விடிய நாலு மணிக்கு நான் வேலை முடிஞ்சு வர, வாசலில தூண்டிலோட நிப்பார். "படுத்தால் ஊர் ஞாபகம் வரும், வா ஏரிக்குப் போவம்" எண்டு கூட்டிக்கொண்டு போவார். அந்த நாளில அவரிட்டை இருந்தது ஒரேயொரு தவளை. வெள்ளை வயிறு. நான் பிடிச்ச முதல் பாஸ் அதிலைதான். அதால எனக்கு இண்டைக்கும் வெள்ளை வயித்தில ஒரு பக்தி.

இனி 2023 ஆடி மாதத்துக்கு வருவம். ஸ்கூகொக்கில ஒரு வாடகைப் படகில அண்ணை, நான், என்ரை மகன், மூண்டு பேர். காலமை ஏழு மணியில இருந்து மீன் அடிக்குது. "பளார்" எண்டு தண்ணி வெடிக்கும், அண்ணை இழுப்பார், தவளை வெறுமையாய்ப் பறந்து வந்து படகில விழும். ஒண்டில்லை, அஞ்சு தரம். ஒவ்வொரு தரமும் அவர் தவளையை மாத்தினார். "வெய்யில் ஏறீட்டுது, வெள்ளை சரிவராது" எண்டு மஞ்சள். பிறகு "தண்ணி கலங்கல்" எண்டு கறுப்பு. பெட்டி நிறையத் தவளை. முந்தி ஒண்டோட திரிஞ்ச மனுசன்!

எனக்கு வாய் சும்மா இருக்குமே? அந்தக் கிழமைதான் ஒரு ஆராய்ச்சியைப் பற்றி வாசிச்சிருந்தன். இலினோய் பல்கலைக்கழக ஆக்கள் செய்தது, 2018 இல வெளிவந்தது. லார்ஜ்மவுத் பாஸின்ரை கண்ணில நிறம் பாக்கிற கலம் ரண்டு வகைதான். ஒண்டு பச்சைப் பக்கம், 535 நானோமீற்றரில நல்லாய் வேலை செய்யிறது. மற்றது சிவப்புப் பக்கம், 614. எங்களுக்கு மூண்டு வகை இருக்கு, அதுக்கு நீலத்துக்கெண்டு ஒண்டில்லை. சிவப்பையும் பச்சையையும் நல்லாய்ப் பிரிச்சு அறியுமாம். ஆனால் அந்தப் பளிச்செண்ட எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் அதாலை பிரிச்சுப் பாக்கேலாது எண்டுதான் அவையின்ரை கணக்குச் சொல்லுது.

இன்னொண்டும் இருக்கு. தண்ணிக்குக் கீழை இருந்து மேல பாக்கிற மீனுக்கு வானம் ஒரு வட்டத்துக்குள்ளைதான் தெரியும். ஏறக்குறைய 97 பாகைக் கூம்பு. ஒரு மீற்றர் ஆழத்தில கிடக்கிற மீனுக்கு அந்த வட்டம் ரண்டேகால் மீற்றர் அகலம். அதுக்கு வெளிய தண்ணியின்ரை மேற்பரப்பு கண்ணாடி மாதிரி, அடியில உள்ளதைத்தான் காட்டும். தவளை அந்த வட்டத்துக்குள்ளை வந்தால் பின்னாலை வானம். சூரியனுக்கு நேரை பிடிச்ச கையைப் போல, என்ன நிறமெண்டாலும் கறுப்பாய்த்தான் தெரியும். தெளிஞ்ச தண்ணி, வெளிறின மணல் அடியெண்டால் கீழை இருந்து கொஞ்ச வெளிச்சம் திரும்பி வந்து வயித்தில படும். அப்ப நிறம் கொஞ்சம் தெரியலாம். பாசி மூடின இடத்தில அதுவுமில்லை. மீனுக்குத் தெரியிறது மேல ஏதோ அசையுது, இலை அமத்துப்படுது எண்டுறது மட்டும்தான்.

இதெல்லாத்தையும் நான் அண்ணைக்கு ஒரு வாத்தியார் மாதிரிச் சொன்னன். சொன்னதோட விட்டிருக்கலாம். "மீனில பிழையில்லை, வயித்திலயும் பிழையில்லை அண்ணை, உங்களிலதான் பிழை. சத்தம் கேட்டவுடனை இழுக்கிறியள். எனக்குப் பழக்கினதே நீங்கள்தானே, தவளை மறைஞ்ச பிறகு இழு எண்டு" எண்டு மகனுக்கு முன்னாலை சொல்லிப்போட்டன். அவர் ஒண்டும் கதைக்கேல்லை. தூண்டிலைக் கழட்டி உறையில வைச்சார். ஸ்காபரோ வரும்வரை காருக்குள்ளை ஒரு சொல்லில்லை. அதுக்குப் பிறகு மூண்டு மாதம் போனுமில்லை.

மகனிட்டை ஒருநாள், "உன்ரை பெரியப்பாவுக்குக் கோவம் கூடிப்போச்சு" எண்டு சொன்னன். அவன் சொன்னான், "அப்பா, பெரியப்பா அண்டைக்குத் தவளையைப் பாக்கவே இல்லை. தவளை ஒரு பக்கம் கிடந்தது, அவர் வேற பக்கம் பாத்துக்கொண்டிருந்தவர்."

எனக்கு நெஞ்சுக்குள்ளை ஏதோ செய்தது. யோசிச்சால் எல்லாம் விளங்குது. கண் தெரியிறவன் தவளை மறையிறதைப் பாத்து, நூலை எடுத்து, பிறகு இழுப்பான். தெரியாதவன் சத்தத்தைக் கேட்டு இழுப்பான். பாஸ் பல நேரம் அடிக்கிற முதல் அடியில தவளையை விழுங்கிறதில்லை, அதால வெறும் தவளைதான் திரும்பி வரும். பச்சைப் பாசியில பச்சை முதுகு. நல்ல கண்ணுக்கே கஷ்டம்.

அண்டு பின்னேரமே அவரிட்டைப் போனன். தேத்தண்ணி வந்தது. கனநேரத்துக்குப் பிறகு அவர் தானாய்ச் சொன்னார். ரண்டு கண்ணிலயும் கற்றரக்ட். நீரிழிவும் இருக்கு. ஒரு வரியமாய் மங்கல், இரவில எதிர்க்காரின்ரை வெளிச்சம் பூப்பூவாய்த் தெரியுது. டொக்டரிட்டைப் போகேல்லை. "கண் பிழையெண்டு எழுதினால் லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனால் நான் ஆர்? இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து எனக்கு இருக்கிறது அது ஒண்டுதானேடா." வயித்து நிறத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் மீனுக்கான கதையில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை.

மன்னிப்புக் கேட்டன். அவர் "விடடா" எண்டார். ஆனால் அந்தக் கண்ணோட நெடுஞ்சாலையில ட்ரக் ஓடுறது தனக்கு மட்டும் ஆபத்தில்லை எண்டதையும் சொல்லத்தான் வேண்டி இருந்தது. அதுக்கும் கொஞ்சம் கோவிச்சார். இந்தமுறை நான் எழும்பிப் போகேல்லை. அடுத்த கிழமை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனன். வேலையில லீவு. 2024 இளவேனிலில ஒரு கண், பிறகு மற்றக் கண். அவர் பயந்தமாதிரி ஒண்டும் நடக்கேல்லை. சோதிச்சுப் பாத்து, திரும்ப ஓடுறார்.

அந்தக் கோடை பாஸ் காலம் திறந்த உடனை ஸ்கூகொக்குக்குப் போனம். படகில அண்ணை பெட்டியைத் திறந்து தவளையளை அடுக்கிப் பாத்துக்கொண்டிருந்தவர், திடீரெண்டு, "டேய், இதுகள் ரண்டும் வேற வேற நிறமோ?" எண்டார். ஒண்டு வெள்ளை வயிறு, மற்றது எலுமிச்சை மஞ்சள். கற்றரக்ட் முத்தினால் கண்வில்லை மஞ்சளாகிப் போகும். அந்தக் கண்ணுக்கு வெள்ளையும் வெளிர்மஞ்சளும் ஒண்டுபோலத்தான். மாத்தி மாத்திப் போட்ட ரண்டையும் அவரே பிரிச்சுப் பாக்கேல்லை!

"அப்ப பாஸுக்கும் கற்றரக்ட் எண்டு சொல்லு" எண்டார். படகு கவிழப் பாத்தது.

கலியாண வீட்டில சிரிச்சவர் ஆர் எண்டு இப்ப விளங்கியிருக்கும்.

பெடியனுக்கு நான் சொன்னது இதுதான். வயித்துக்கு ரண்டு நிறம் போதும், வெள்ளை ஒண்டு, கறுப்பு ஒண்டு. விடியக்காலை, மூட்டம், கலங்கல் தண்ணியெண்டால் கறுப்பு, ஏனெண்டால் மங்கின வானத்துக்கு எதிரில நல்லாய் வெட்டித் தெரியும். தெளிஞ்ச தண்ணியில, இலை இல்லாத இடைவெளியில வெள்ளை. இஞ்சத்தைய லெப்பர்ட் தவளைக்கு வயிறு வெள்ளைதான். பாசி மூடின இடத்தில எதுவெண்டாலும் பரவாயில்லை, எறியிற இடமும் அசைக்கிற கையும்தான் மீன் பிடிக்கும். முதுகைத்தான் கவனமாய்த் தெரிவு செய். அது மீனுக்கில்லை, உனக்கு. உன்ரை கண்ணுக்குத் தெரியிற நிறமாய் இருக்கட்டும்.

"தெரியாட்டி?" எண்டு கேட்டான்.

அண்ணை முந்திக்கொண்டார். "தெரியாட்டித் தவளையை மாத்தாதை தம்பி. கண் டொக்டரிட்டைப் போ."