முகம் பார்த்துப் பாடிய கவிஞன்

'கண்ணம்மா – என் குழந்தை' பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆசை தீர்வதில்லை. 1917-இல் புத்தகமாக வந்த பாரதியின் 'கண்ணன் பாட்டு' தொகுப்பில் அது இருக்கிறது.

1908 முதல் 1918 வரை பாரதி எங்கள் புதுச்சேரியில் இருந்தார். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் பிரிட்டிஷ் போலீஸால் அவரைக் கைது செய்ய முடியவில்லை. ஆனாலும் ஒற்றர்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் பணமும் இல்லை. அந்த நெருக்கடியில்தான் இந்தப் பாட்டில் குழந்தையைக் கொஞ்சியிருக்கிறார்!

பராசக்தியையே குழந்தையாகக் கண்டு பாடிய பாட்டு அது. ஆனால் தெய்வம் என்று எட்டி நின்று கும்பிடவில்லை. கன்னம், நெற்றி, கண் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நெற்றி சுருங்கினால் பதறுகிறார், கண் கலங்கினால் துடித்துப்போகிறார். ஓர் அப்பாவின் பாசத்தை நூறு வருஷத்துக்கு முன்பே இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இதே புதுச்சேரியில் பிறந்து பள்ளி ஆசிரியராக இருந்த கவிஞர் பாரதிதாசனும் 'இளைஞர் இலக்கியம்' என்று பிள்ளைகளுக்காகத் தனி நூலே தந்தார்.

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு இருக்கிறது. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இன்று ராத்திரி போனை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையை மடியில் உட்காரவைத்து, மூக்கையும் காதையும் தொட்டுத் தொட்டு பாரதி மாதிரி நீங்களே இரண்டு வரி கட்டிப் பாடுங்கள். எதுகை மோனை தப்பினாலும் பரவாயில்லை. தன் முகம் நமக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.