ரெண்டுன்னு போடுங்க சார்வாள்

எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ரயிலை வைத்துத்தான் வழி சொல்வேன். திருநெல்வேலியில் செங்கோட்டை வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டியதும் மேற்கே மலை பெரிதாகிக்கொண்டே வரும். அடுத்த நிறுத்தம் கல்லிடைக்குறிச்சி. அங்கே இறங்காமல் விட்டுவிட்டால் வண்டி தாமிரபரணியைக் கடந்து அம்பாசமுத்திரம் போய்விடும். தெற்குக் கரையில் நாங்கள், வடக்குக் கரையில் அம்பை. நடுவில் ஓடுவது ஆறு மட்டும்தான். ஆனாலும் அம்பைக்காரன் வேறு, கல்லிடைக்காரன் வேறு என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும்.

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிற ஆறு இது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, ஒரே மாவட்டத்தில் பிறந்து அதே மாவட்டத்தில் கடலில் கலந்தது. வேறு மாநிலத்தாரிடம் தண்ணீருக்குக் கையேந்த வேண்டியதில்லை என்று வகுப்பில் நான் பெருமையாகச் சொல்வேன். தென்மேற்குப் பருவத்தில் மலையில் பெய்யும் மழைக்குக் கார் சாகுபடி, வடகிழக்குப் பருவத்துக்குப் பிசானம். இரண்டு மழையும் ஒரே ஆற்றுக்குக் கிடைப்பதால் எங்களுக்கு இரண்டு போகம். ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டு எங்கள் ஊர்ப் பக்கம்தான். அதிலிருந்து பிரியும் கால்வாய் சேரன்மகாதேவி, பத்தமடை என்று போகிறது. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் கட்டியது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. வெளியூர்க்காரர் கொடுத்த தண்ணீரைத்தான் இத்தனை காலம் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீரைச் சொன்னால் அப்பளத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. உளுந்து மாவும் பிரண்டைச் சாறும் எல்லா ஊரிலும் கிடைக்கும், கல்லிடை அப்பளத்தின் ருசி ஆற்றுத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் அடித்துச் சொல்வார்கள்.

இது பூகோளம். இனி ஜனத்தொகை.

நான் பள்ளி ஆசிரியராக இருந்தவன். சர்க்கார் எந்தக் கணக்கை எடுக்க நினைத்தாலும் முதலில் நினைவுக்கு வருவது வாத்தியார்தான். வாக்காளர் பட்டியல், மக்கள் தொகை எல்லாம் எங்கள் தலையில் விழும். நான் முதன்முதலில் தலைக்கணக்கு எடுக்கப் போனது 1981இல். பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போக வேண்டும். 28ஆம் தேதி ராத்திரி ரயில் நிலையத்திலும் மண்டபங்களிலும் படுத்திருக்கும் வீடில்லாதவர்களை எண்ண வேண்டும். மார்ச் 1 சூரிய உதயம்தான் கணக்கு முடியும் நேரம். அதன் பிறகு 5ஆம் தேதி வரை மறுபடி எல்லா வீட்டுக்கும் போய், இடையில் குழந்தை பிறந்திருந்தால் சேர்க்க வேண்டும், யாராவது இறந்திருந்தால் அடிக்க வேண்டும்.

ஆற்றுக்குப் போகும் வழியில் மண்சுவர் வீடு ஒன்று. அதில் இருந்தவள் அப்பளம் தேய்த்துக் கொடுத்துப் பிழைத்த ஒரு ஆச்சி. வயது தோராயமாக அறுபது என்று எழுதினேன். வாசலில் பாயை விரித்து அப்பளம் காயப்போட்டிருந்தாள். ஓரமாக உட்கார்ந்து படிவத்தைப் பிரித்தேன்.

“வீட்டுல எத்தனை பேரு ஆச்சி?”

“ரெண்டுன்னு போடுங்க சார்வாள். நானும் எம் மவனும்.”

அந்த மகனை எனக்குத் தெரியும். எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். ஆற்றில் நன்றாக நீந்துவான். எஸ்.எஸ்.எல்.சி. தவறிய வருஷம், 1973இல், வீட்டில் ஏதோ சண்டை போட்டுவிட்டு ரயிலேறியவன். பம்பாய் என்றார்கள், பிறகு பிலாய் என்றார்கள். ஒரு கடுதாசியும் வரவில்லை.

விதியை எடுத்துச் சொன்னேன். இந்த இருபது நாளில் ஒரு நாளாவது இங்கே தங்கியிருந்தால்தான் இந்த வீட்டுக் கணக்கில் சேர்க்கலாம், மற்றபடி அவன் இருக்கும் ஊரில் எண்ணிவிடுவார்கள் என்றேன்.

“எந்த ஊரு? அதைச் சொல்லுங்க. நான் போயி கூட்டிட்டு வாரேன்” என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். “நீங்களும் இல்லைன்னு எழுதிட்டா, அவன் எந்த ஊர்லயும் இல்லன்னுல்லா ஆயிரும்?”

படிவத்தில் ஒன்று என்றுதான் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

“போட்டாச்சா?”

“போட்டாச்சு ஆச்சி. ரெண்டு.”

இரண்டு அப்பளக்கட்டு எடுத்துக் கொடுத்தாள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டின் மக்கள் தொகை 4 கோடியே 84 லட்சம் என்று பத்திரிகையில் படித்தபோது என் கண்ணில் பட்டது அந்த ஒரு ஆள்தான்.

அடுத்த வருஷம், 1982இல், எங்கள் ஊர் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து நடராஜரைத் திருடிக்கொண்டு போனார்கள். ஊரே துக்க வீடு மாதிரி இருந்தது. ஆச்சி மட்டும், “போனவுக திரும்பாமயா இருக்காக?” என்று சொல்லிக்கொண்டு போனாள்.

1991இல் மறுபடி அதே தெருக்கள் எனக்கு. ஊரின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. அக்ரஹாரத்தில் பதினோரு பேர் எழுதிய வீட்டில் இப்போது மூன்று பேர். எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர் போவது புதிதல்ல. ஒரு காலத்தில் வட்டித் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் திருவிதாங்கூர் சீமை வரை போனவர்கள்தான். 1902இல் முதலில் ரயில் பாதை போட்டபோது நெல்லையிலிருந்து எங்கள் ஊர் வரைதான் போட்டார்கள், செங்கோட்டைக்கு அடுத்த வருஷம்தான் நீண்டது. ஆனால் போனவர்கள் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் திரும்பி வருவார்கள். இப்போது போகிறவர்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆச்சி வாசலிலேயே காத்திருந்தாள். பார்வை மங்கியிருந்தது.

“போன தடவை ரெண்டுன்னு போட்டீயள்லா? இப்பவும் அப்படியே போட்டுருங்க.”

“சரி ஆச்சி” என்றேன். இந்த முறை பொய் சொல்வது சுலபமாக இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது. ஒரு நொடி உண்மையிலேயே இரண்டு என்று எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எழுதவில்லை. வாத்தியார் புத்தி.

1992 நவம்பர் 13ஆம் தேதியை நம் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலையில் மழை கொட்டித் தீர்த்தது. பாபநாசம், மணிமுத்தாறு இரண்டு பக்கத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. அதுவரை படித்துறையோடு நின்றுகொண்டிருந்த ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. நாங்கள் நாலைந்து பேர் கயிறும் டார்ச் லைட்டுமாக ஆற்றோர வீடுகளுக்குப் போனோம். ஆச்சி வெளியே வர மறுத்தாள். முழங்கால் தண்ணீரில் நடுவீட்டில் நின்றுகொண்டு, “நான் போயிட்டா அவன் வந்து யாரைக் கேப்பான்?” என்றாள். பேசிப் பயனில்லை. நானும் இன்னொருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். விடிந்து பார்த்தால் சுவர் கரைந்து, ஓடெல்லாம் தரையில் கிடந்தது.

அதன் பிறகு காருகுறிச்சியில் இருந்த அவள் தங்கை மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஏறும் முன் ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வீடும் இல்ல. இனிமே அவன் வந்தாம்னா உங்ககிட்டதான் வருவான் சார்வாள். நீங்கதான் எங்க ரெண்டு பேரையும் எழுதி வச்சிருக்கீய. நான் காருகுறிச்சியில இருக்கேன்னு சொல்லிருங்க.”

இரண்டு முறை அவனை எழுதாமல் விட்டவனிடம் அவள் அதைச் சொன்னாள். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன். நாலு வருஷம் கழித்து அவள் காருகுறிச்சியிலேயே இறந்துபோனாள். மகன் வரவில்லை.

2019 செப்டம்பரில் நடராஜர் திரும்பி வந்தார். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்து அருங்காட்சியகத்தில் இருந்தவரை முப்பத்தேழு வருஷம் கழித்து மீட்டுக்கொண்டு வந்தார்கள். மேளதாளமும் கூட்டமுமாக ஊர் நிறைந்து இருந்தது. வெளியூர்க்காரர்கள் எத்தனையோ பேர் அன்றைக்கு வந்திருந்தார்கள். என்னை அறியாமல் அந்தக் கூட்டத்தில் அறுபது வயதுக்காரர்களின் முகங்களைத் தேடினேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, “யாரைத் தேடுதீய?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளும் மறு வருஷம் போய்விட்டாள்.

2021இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 பிப்ரவரியில் தலைகளை எண்ணப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். கைப்பேசியிலேயே நாமே விவரங்களைப் பதிந்துகொள்ளவும் வசதி உண்டாம். பெங்களூரிலிருந்து என் மகன் போன வாரம் பேசினான். ஒரு வருஷமாகவே அங்கே வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

“அப்பா, நாங்க பதியறப்ப உங்களையும் சேர்த்து நாலுன்னு போட்டுடட்டுமா?”

சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவனுக்கும் அதே விதியைச் சொன்னேன். ஆள் எங்கே இருக்கிறானோ அங்கேதான் கணக்கு. பிப்ரவரி முடியும் வரை நான் இங்கேதான் இருப்பேன், மார்ச்சில் வந்து கூட்டிக்கொண்டு போ என்றேன். வருவதாக நான் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. மாடிப்படி ஏறும்போது முழங்கால் சொல்வதையும் கேட்கத்தானே வேண்டியிருக்கிறது.

இந்த வீட்டில் ஒன்று என்று எழுதிவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. வருகிற வாத்தியாரம்மா சின்னப் பெண்ணாக இருந்தால், எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து இந்தக் கதையைச் சொல்வேன்.

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. நேற்று சாயந்திரம் கடைத்தெருவில் அப்பளக்கடை வைத்திருக்கும் தம்பியிடம் போய்ச் சொன்னேன். எழுபது வயதுக்காரர் ஒருவர் ஆற்றோரத்து அப்பள ஆச்சி வீட்டைக் கேட்டு வந்தால், அம்மா காருகுறிச்சியில் 1996இல் காலமானாள், கடைசி வரை உன்னைக் கணக்கில் சேர்த்துத்தான் இருந்தாள் என்று சொல்லிவிடும்படி. கேலி செய்வானோ என்று பயந்தேன். அவன் கல்லாவிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து, “அவர் பேரு என்ன சார்வாள்?” என்று கேட்டு எழுதிக்கொண்டான்.