அசோகவனத்து மலைகளிலே

இமயத்துக்கு ஒரு முறையேனும் போய்வர வேண்டும் என்பது நம்மவரிற் பலர் வாழ்நாளெல்லாம் வளர்த்து வரும் ஆசை. ஹரித்துவாரத்தில் கங்கையாடி, பத்ரியையும் கேதாரத்தையும் தரிசித்து, திரும்பும் வழியில் மசூரியிலோ சிம்லாவிலோ இரண்டு நாள் தங்கிக் குளிரையும் அனுபவித்து வந்தால், புண்ணியமும் உல்லாசமும் ஒரே செலவிற் கைகூடி விடுகின்றன அல்லவா? இந்த வித்தையை நமது மலைநாட்டிலும் கற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தியாவிலிருந்து வரும் அடியார்களை ‘இராமாயண யாத்திரை’ என்ற பெயரில் வண்டியில் ஏற்றி, வழிகாட்டி ஒருவரையும் கூட வைத்து, ஹட்டன், நுவரெலியா, சீதாஎலிய என்று நான்கைந்து நாட்களிற் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு ஒரு மாசி மாதத்தில் நானும் இந்த யாத்திரையிற் சேர்ந்துகொண்டேன். நண்பர், அவருடைய மனைவி, கல்லூரியிற் படிக்கும் இரண்டு பிள்ளைகள், எழுபத்தெட்டு வயதான தாயார், நான் ஆக ஆறு பேர்.

ஹட்டன் வரையிலாவது புகையிரதத்திற் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். நாவலப்பிட்டியைக் கடந்ததும் வண்டி மூச்சுவாங்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பாதாளம், இடையிடையே சுரங்கத்தின் இருட்டு. 1867ஆம் ஆண்டிற் கண்டியை எட்டிய இந்தப் பாதை, கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டது. 1869இல் கோப்பி இலையிற் கண்ட செந்நிறப் பூஞ்சண நோய் சில ஆண்டுகளுக்குள் தோட்டங்களையெல்லாம் அழித்தது. பாதை ஹட்டனை அடைந்த 1884ஆம் ஆண்டிலும், நானுஓயாவை அடைந்த 1885ஆம் ஆண்டிலும் மலைகளிற் பச்சை விரித்திருந்தது தேயிலை. ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்டுப் பார்த்த செடி அது.

ஹட்டன் நிலையத்தில் எங்கள் வழிகாட்டி காத்திருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குறிப்புப் புத்தகம், திருத்தமான தமிழ். ஒரு மலையைக் கண்டால் அதன் உயரம், ஓர் அருவியைக் கண்டால் அதன் ஆழம், ஒரு கல்லைக் கண்டால் அதில் அனுமான் கால் வைத்த கதை என்று தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல இருந்தது என்று சொன்னால் அது அவருக்கு நியாயம் செய்ததாகாது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மஸ்கெலியாவை அணுகும்போது மவுசாக்கலை நீர்த்தேக்கம் கண்ணிற் பட்டது. கோடை ஆகையால் நீர் வெகுவாக வற்றி, செம்மண் கரைகள் படிபடியாகத் தெரிந்தன. நடுவே சேற்றிலிருந்து எழுந்தாற்போல ஒரு சிதைந்த கோயிற் கட்டடம். “1969இல் கட்டிய அணைக்கட்டு. மின்சாரத்துக்காக” என்று சொல்லி வழிகாட்டி அடுத்த விஷயத்துக்குப் போக முயன்றார். பாட்டியம்மாள் விடவில்லை.

“அது என்ன தம்பி, தண்ணிக்குள்ளே கோயில்?”

“பழைய மஸ்கெலியா டவுன் அம்மா. அணை கட்டினப்போ முழுகிப் போச்சு. கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் உள்ளுக்குத்தான் கிடக்கு. தண்ணி வத்துற காலத்துல தலைகாட்டும்.”

வண்டியை நிறுத்தச் சொல்லி அந்த அம்மையார் கரையில் இறங்கி நின்று கைகூப்பினார். எங்கள் யாத்திரையின் ஸ்தலப் பட்டியலில் அந்தக் கோயில் இல்லை.

நல்லதண்ணியில் இராத் தங்கி, நள்ளிரவுக்குப் பின் மலையேறினோம். 7,359 அடி உயரமுள்ள அந்தச் சிகரத்தை நாம் சிவனொளிபாதமலை என்கிறோம். பௌத்தர்கள் ஸ்ரீ பாத என்கிறார்கள். முஸ்லிம்கள் பாவா ஆதமின் பாதம் பதிந்த இடம் என்கிறார்கள். மொறொக்கோ தேசத்து யாத்திரிகரான இபின் பத்தூத்தா 1344இலேயே இங்கே ஏறியிருக்கிறார். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை பருவகாலம். அந்த மாதங்களில் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஓடும் விளக்குச்சரம், வானத்து நட்சத்திரங்களோடு போய்ச் சேர்ந்துவிட்டது போல் தோன்றும். ஆயிரக்கணக்கான படிகள்! இறங்கி வருவோர் ஏறுவோரைப் பார்த்து ‘கருணாவயி’ என்று வாழ்த்துகிறார்கள். யார் எந்த மதம் என்று அங்கே ஒருவரும் விசாரிப்பதில்லை. மூச்சு வாங்குவதற்கே நேரம் போதாது. வழியில் ‘சீத கங்குல’ என்ற ஓடையைக் கண்டு நண்பரின் மனைவி, “சீதா கங்கை!” என்று தலையிலே தெளித்துக்கொண்டார். சிங்களத்தில் அதற்குக் குளிர்ந்த ஆறு என்றே பொருள். நான் வாயைத் திறக்கவில்லை. குளிர் என்னவோ இரண்டு பொருளுக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

உச்சியில் எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை முறை மணியடிக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு தடவை அடித்து ஒதுங்கியபோது, எங்கள் பின்னால் வந்த ஒரு தோட்டத்துப் பெரியவர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார். நான் பதினேழு வரை எண்ணினேன். அதற்குள் சூரியன் எழுந்துவிட்டது. மேற்கே மேகங்களின் மீது மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக விழுந்து, மெல்ல மெல்லச் சுருங்கி மறைந்தது. அந்தக் காட்சியை எழுத்தில் வடிக்க எனக்குச் சக்தி இல்லை.

தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் டெவன் அருவியும் சென்கிளயர் அருவியும் எதிரெதிர் மலைகளில் இருக்கின்றன. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் சென்கிளயரின் பழைய பேரிரைச்சல் இல்லை. பாதையோரத்தில் முதுகிற் கூடையோடு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இறங்கிப் படம் எடுத்தார்கள். அப்போது வழிகாட்டி ஏனோ வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

நுவரெலியாவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சிம்லாவும் உதகமண்டலமும் எந்தக் காரணத்துக்காக உண்டாயினவோ அதே காரணத்துக்காக, அதாவது சமவெளியின் வெப்பம் தாங்காத வெள்ளைக்காரருக்காக உண்டான நகரம் இது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய மாளிகை பின்பு கிராண்ட் ஹோட்டலாயிற்று. பின்னாளில் ஆபிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு பெயர்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்பு இங்கே இங்கிலாந்துக் குடியானவர்களையும் மாடுகளையும் கொணர்ந்து பண்ணை நடத்தினார். கிரகரி ஏரி, விக்டோரியாப் பூங்கா என்று பெயர்களெல்லாம் அவர்களுடையவை. சித்திரையில் மலர்க்காட்சியும் குதிரைப் பந்தயமுமாக அமர்க்களப்படும் ஊர், மாசியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

அங்கிருந்து வெலிமடைப் பாதையிற் சில மைல் தூரத்தில், பாதையோரத்துப் பள்ளத்தில், ஓடையை ஒட்டி அமைந்திருக்கிறது சீதாஎலிய அம்மன் கோயில். சீதாபிராட்டியைச் சிறைவைத்த அசோகவனம் இதுவே என்பது நம்பிக்கை. ஓடைப் பாறையில் உள்ள குழிகளை அனுமானின் பாதச் சுவடுகள் என்று மஞ்சள் தடவி வணங்குகிறார்கள். 2024 மே 19ஆம் தேதி இங்கே கும்பாபிஷேகம் நடந்தபோது அயோத்தியிலிருந்து சரயு நதியின் நீரைக் கொண்டுவந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் ஹக்கல மலை கருமையாக நிற்கிறது. சஞ்சீவி மலையை அனுமான் இமயத்திலிருந்து எடுத்து வந்தபோது சிந்திய துண்டு அது என்பர். அதன் அடிவாரத்துத் தாவரத் தோட்டம், 1861இல் மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்காகவே தொடங்கப்பட்டது. மூலிகைக்கும் அந்த மலைக்கும் ஏதோ ஒரு பந்தம் இருக்கத்தான் இருக்கிறது.

பாட்டியம்மாள் ஓடைக் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு வழிகாட்டியை அழைத்தார்.

“தம்பி, சீதை இங்கே எத்தனை மாசம் இருந்தாள்?”

“பத்து மாசம்னு சொல்வாங்க அம்மா.”

“அதுக்கப்புறம் இந்த மலையிலே யார் இருந்தா?”

அந்தக் கேள்விக்குக் குறிப்புப் புத்தகத்திற் பதில் இல்லை. வழிகாட்டி சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “ரொம்பக் காலம் காடுதான் அம்மா. அப்புறம் நாங்கதான்” என்றார்.

அதன் பிறகே அவர் தம்மைப் பற்றிச் சொன்னார். நானுஓயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்தவர். தாய் கொழுந்து பறித்தே அவரைப் படிக்க வைத்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ யாத்திரிகரைச் சுற்றிக் காட்டியும், அந்தத் தோட்டத்துக்கு ஒருவரையும் அழைத்துப் போனதில்லையாம். “அங்க பாக்க என்ன இருக்கு?” என்றார். “கோயில் இருக்குமே?” என்றார் பாட்டியம்மாள்.

இருந்தது. மறுநாட் காலையிற் போய்ப் பார்த்தோம். மாரியம்மன் கோயில் ஒன்று, புதிதாக வர்ணம் பூசியது. அதைவிட என் மனத்திற் பதிந்தவை மற்ற இரண்டு. தொழிற்சாலையின் அருகே ஒரு மரத்தடியிற் கல்லும் சூலமும். இயந்திரச் சக்கரத்தை இங்கே ரோதை என்பார்கள். அந்தச் சக்கரத்துக்குக் காவலாக இருந்து, அதில் ஒருவர் கையும் அகப்படாமற் பார்த்துக்கொள்ளும் தெய்வம் ரோதை முனி. மேலே தேயிலை மலையில் இன்னொரு கல்: அவர் கவ்வாத்துச் சாமி. செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளிற் கத்தியை அவர் முன் வைத்துக் கும்பிட்ட பின்பே வேலை. நான் பார்த்த மற்றத் தலங்களுக்கெல்லாம் புராணம் உண்டு. இந்த இரண்டு சாமிகளையும் எந்தப் புராணத்திலும் காண முடியாது. இந்த மலையிற் பிறந்து, இந்த வேலைக்காகவே நிற்கும் தெய்வங்கள் அவை.

“ராமர் வந்த வழியிலதான் அம்மா எங்க ஆளுகளும் வந்தாங்க” என்றார் வழிகாட்டி. உண்மைதான். இராமேசுவரத்துக் கரையிலிருந்து தோணியேறி, மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர் கணக்கற்றவர். அவர்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023இல் அவர்களுடைய சந்ததியார் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்த வழியை மீண்டும் நடந்தார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எல்லோருக்கும் உரிமை கிடைத்து இந்தக் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வழிகாட்டியின் அப்பாயி லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய மேனி. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். எட்டடிக் காம்பராவுக்குள் எங்கள் ஆறு பேருக்கும் இடம் போதாது என்பதால் வாசலிலேயே சாக்கு விரித்தார்கள். சாயத்தண்ணி வந்தது. உலகெங்கும் புகழ்பெற்ற தேயிலை விளையும் மலையில், விளைவிப்பவர் குடிப்பது அடித்தூள். ஆயினும் அந்தக் குளிருக்கு அது அமிர்தமாக இருந்தது.

“நீங்க எந்த ஊரு தாயி?” என்று கேட்டார் அப்பாயி.

“துறையூர்ப் பக்கம்.”

கிழவியின் முகம் மாறியது. “எங்க அப்பா பொறந்ததும் துறையூருப் பக்கந்தானாம். நான் பாத்ததில்ல. எங்கள இலங்கைக்கு எழுதிட்டாங்க. தம்பிய இந்தியாவுக்கு எழுதிட்டாங்க. அழுகைக் கோச்சியில ஏத்திவிட்டோம்.”

அழுகைக் கோச்சி என்பது என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். தலைமன்னாருக்குப் போன புகையிரதம் என்றார் வழிகாட்டி. நிலையம் நிலையமாகப் பிரிகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுத அழுகையால் வந்த பெயர். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். தமிழ்நாடு அரசு இவர்களுக்காகவே 1968இல் நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது. ஒரு மலையிலிருந்து பெயர்த்து இன்னொரு மலையில் நட்டார்கள். உதகைக்கு உல்லாசமாகப் போய்வரும் நமக்கு, அந்தப் பாதையோரத்திற் கொழுந்து பறிப்பவரிற் பலர் நுவரெலியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் போனவர் என்பது எத்தனை முறை நினைவுக்கு வந்திருக்கிறது? நான் இரு முறை போயிருக்கிறேன். நினைவுக்கு வந்ததில்லை.

“கோத்தகிரியில இருக்கேன்னு ரெண்டு கடுதாசி போட்டான். அப்பறம் ஒண்ணும் இல்ல. நாப்பது வருசத்துக்கு மேலாச்சு” என்றார் அப்பாயி. பிறகு, எங்கள் பாட்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “கோத்தகிரி உங்க ஊருக்குக் கிட்டத்திலயா தாயி?” என்று கேட்டார்.

துறையூர் எங்கே, கோத்தகிரி எங்கே! காவிரியைக் கடந்து, கோயம்புத்தூரையும் தாண்டி மலையேற வேண்டும். நண்பர் அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய தாயார், “கிட்டத்தான் ஆத்தா” என்று சொல்லிவிட்டார்.

வழிகாட்டி தம் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தம்பியின் பெயரையும், தகப்பன் பெயரையும், கப்பலேறிய ஆண்டையும் எழுதிக் கொடுத்தார். பாட்டியம்மாள் அதை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போன பதினைந்தாம் நாள் நண்பரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது: “அம்மா கோத்தகிரிக்குப் போயே தீரவேண்டும் என்கிறாள். பஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.”