அரை பிளேடு

மடக்குக் கத்தி நல்லதா, சேஃப்டி ரேசர் நல்லதா என்று வாதாடுகிறவர்களைக் கோயமுத்தூரில் ஏதாவது ஒரு சலூனுக்குக் கூட்டிப் போகலாம். அங்கே அந்த வழக்கு எப்போதோ ராசியாகிவிட்டது. கடைக்காரர் இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு ஒன்றைக் காகித உறையோடு நீளவாக்கில் மடிக்கிறார். 'டக்' என்று ஒடிகிறது. ஒரு பாதி கத்தியின் வாயில் ஏறுகிறது, மற்றப் பாதி அடுத்த ஆளுக்கு. பிடி பழைய கத்தியுடையது, கூர் சேஃப்டி ரேசருடையது.

ராசியாவதற்கு முன்னால் இருந்த கத்தி ஒரே எஃகுத் துண்டு. முதுகு தடித்து, வயிறு குழிந்து, வாய் மெலிந்திருக்கும். வாய் மழுங்கினால் சாணைக்கல், அன்றாடத்துக்குத் தோல்வார். வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே போகவேண்டும். வாயை முன்னே விட்டால் வாரும் போச்சு, கூரும் போச்சு. முகத்தில் வைக்கும்போது ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வு. இடது கை தோலை இழுத்துப் பிடிக்க, வலது மணிக்கட்டு அந்தச் சாய்வைத் தாடையின் வளைவு முழுக்கக் காப்பாற்றிக்கொண்டு போகும். இதைக் கற்க வருஷங்கள் ஆகும். தன் முகத்திலேயே, கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும் முகத்தில், கற்பது இன்னும் சிரமம்.

கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் பரப்பிய சேஃப்டி ரேசர் அந்தச் சாய்வை மணிக்கட்டிலிருந்து எடுத்துக் கருவிக்குள் வைத்தது. 1903-இல் அவர் கம்பெனி விற்றது 51 ரேசர்கள். மறு வருஷம் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு சிப்பாய்களுக்கு வாங்கிக் கொடுத்தது 35 லட்சம் ரேசர்கள். ஊர் திரும்பிய அவர்கள் நாவிதரை எதிர்பார்க்காமல் தாங்களே முகம் வழித்துக்கொண்டார்கள்.

நம் ஊர்க் கதை வேறு. கொங்குக் கிராமத்தில் சவரம் ஒரு தனிவேலையாக இருந்ததில்லை. குடிமகன் எனப்படும் நாவிதர் வீட்டு வாசலுக்கு வருவார். கூலி அறுவடையின்போது தானியமாகப் போகும். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவதும் அவரே; அது கம்பர் பாடியது என்பது இங்குள்ள நம்பிக்கை. அவ்வளவு மரியாதை பந்தலுக்குள். பந்தலுக்கு வெளியே அதே மனிதர் திண்ணைக்குக் கீழேதான் நின்றார். அவர் கத்தி எல்லா வாசலுக்கும் போகவும் விடப்படவில்லை. தலித்துகளுக்கு முடி வெட்டக் கூடாதென்ற கட்டுப்பாடு ஊர்களில் இருந்தது, சில இடங்களில் சலூன் காலத்திலும் தொடர்ந்தது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு, சுவரில் மாட்டிய கைக்கண்ணாடியும் ஒரு ரேசரும் வெறும் சௌகரியமாகவா இருந்திருக்கும்? கத்தியின் கலையைச் சிலாகிக்கிற கட்டுரைகளில் இந்தப் பக்கம் வருவதில்லை. முடி வெட்டிக்கொள்ள அவன் அப்போதும் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான்.

சவர விஷயத்தில் கோவைக்காரருக்கு ஒரு பெருமையும் உண்டு. கலங்கலில் 1893-இல் பிறந்து, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ் ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு, சவரத்தையும் விட்டுவைக்கவில்லை. பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த 'ரசாந்த்' ரேசர் அவருடையது. ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் தயாரானது. நுரையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அதோடு நிற்காமல் மிக மெல்லிய சவர பிளேடு ஒன்றையும் செய்தார். ஊரில் எல்லாரும் ரசாந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த பிளேடுதான் பெரிதாகப் படுகிறது. மெல்லிய தகடு நிமிர்ந்து கிடந்தால் துடிக்கும். ரேசர் தலையின் வளைவில் அழுத்தி முடுக்கினால் விறைத்து நிற்கும். சேஃப்டி ரேசரின் சூட்சுமமே இதுதான். அதை ஒரு மோட்டார் மெக்கானிக் கண்டுகொண்டதில் ஆச்சரியம் இல்லை.

கத்தியா ரேசரா என்பதைவிடத் தண்ணீர் முக்கியம் என்பேன். சிறுவாணித் தண்ணீரில் சோப்பு இரண்டு சுற்றில் நுரை கட்டும். பல்லடம் பக்கத்து உறவினர் வீட்டில், போர்வெல்லில் வரும் சப்பைத் தண்ணியில், பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் திரிந்த பால்தான். அதன்மேல் எந்த எஃகு ஓடினாலும் எரிச்சல்தான். ஒரு சொம்பு நல்ல தண்ணியை வெதுவெதுப்பாக்கி எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

முழுக்கத்தியைச் சலூனிலிருந்து விரட்டியது ஜில்லெட்டும் இல்லை, நாயுடுவும் இல்லை, பயம். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்த சில வருஷங்களில், நாற்காலியில் உட்கார்ந்ததும் "புது பிளேடு போடுங்க" என்று சொல்ல எல்லாரும் பழகிவிட்டோம். ஒரே கத்தி பத்துத் தாடையில் ஓடிய காலம் முடிந்தது. சாணைக்கல்லுக்கும் வேலை போயிற்று.

ஆனாலும் கத்தியின் உருவம் போகவில்லை. நீண்ட முடியில் சேஃப்டி ரேசர் நாலு இழுப்புக்குள் அடைத்துக்கொள்ளும். பழனியில் மொட்டை போட அது உதவாது. கிருதாவை நேர்க்கோட்டில் நிறுத்தவும், மீசையின் ஓரம் பிடிக்கவும் ரேசரின் காப்புப் பல்லே தடை. வீட்டில் வழித்துக்கொண்டு முடி வெட்டப் போகும் நாளில் எங்கள் கடைக்காரப் பெரியவர் தாடையைத் தடவிப் பார்ப்பார். "ஏனுங் தம்பி, நீங்களே எடுத்தீங்களாக்கும்? காதுக்குக் கீழ ஒரு சால் பாக்கி நிக்குதுங்களே." நான் பதில் சொல்வதில்லை.

தினம் வழிக்கிறவருக்கு என் தீர்ப்பு சேஃப்டி ரேசர்தான். அழுத்தாதீர்கள், அதன் கனமே போதும். முடி சாயும் திசையில் முதல் இழுப்பு. கடைசியில் ஈரப் படிகாரம். மடக்குக் கத்தியைப் பழகிய கைக்கே விட்டுவிடலாம்.

முழுக்கத்தி இன்னொரு விஷயத்திலும் ரேசரை ஜெயிக்கிறது: அது குப்பை போடாது. ரேசர் நம் கன்னத்துக்குக் கொடுத்த பாதுகாப்பு, தூக்கி எறிந்த பிளேடு வழியாகத் தூய்மைப் பணியாளரின் விரலில் கழிந்துவிடுகிறது. பழைய டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு, பிளேடுகளை அதற்குள் தள்ளிச் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் டேப் சுற்றி, உள்ளே என்ன என்று எழுதி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.